சைக்கிள் ரிம்மில் சாணை போடலாமா?

நமது கிராமங்களில் சைக்கிள் இல்லாத தெரு இல்லை என்றே கூறலாம். மோட்டார் வாகனங்கள் எவ்வளவோ பெருகிவிட்டன. எனினும், பாலைக் கறந்து சங்கத்துக்குக் கொண்டு செல்லும் விவசாயிக்கும், மண்வெட்டியுடன் வயலுக்குப் போகும் தொழிலாளிக்கும், அயலூர் மேல்நிலைப் பள்ளிக்குச் செல்லும் மாணவிக்கும் இன்றும் கைகொடுக்கும் வாகனம் சைக்கிளே ஆகும். 2001-02ஆம் ஆண்டில் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கென்று நமது மாநில அரசு தொடங்கிய விலையில்லா சைக்கிள் திட்டம், பின்னர் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்புப் படிக்கும் ஏனைய மாணவ மாணவியருக்கும் விரிவாக்கப்பட்டது. ஆகவே, சைக்கிளைப் பற்றிய விஷயம் எதுவும் ஊராட்சிக்கு அந்நியமான விஷயம் அன்று.

வாகனம் ஓடுவது எவ்வளவு அவசியமோ, வேண்டிய இடத்தில் அது நிற்பதும் அவ்வளவு அவசியம். ஏரிக்கரையிலிருந்து இறங்கும் பாதை நெடுஞ்சாலையில் வந்து சேரும் ஊர்கள் நம்மிடையே பல உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில், காலை ஒன்பது மணிக்கு, இருவராக ஏறிக்கொண்டு அந்த இறக்கத்தில் வரும் பிள்ளைகளின் பிரேக் பிடிக்குமா, பிடிக்காதா என்பது அவர்களுடைய உயிரைப் பற்றிய கேள்வியாகும்.

அண்மைக் காலத்தில் இளைஞர்களிடமிருந்தும் சைக்கிள் கடைக்காரர்களிடமிருந்தும் ஒரு யோசனை கிளம்பியிருக்கிறது. வழவழப்பான ரிம்மைச் சாணைவட்டினால் உராய்ந்து சொரசொரப்பாக்கினால் பிரேக் கெட்டியாகப் பிடிக்கும் என்று கைபேசிப் படங்களில் காட்டுகிறார்களாம். 'அதற்கு எந்த வட்டு வாங்கலாம்?' என்பதே அவர்கள் கேட்கும் கேள்வி. இதற்குரிய விடையைச் சுருக்கமாக முதலிலேயே கூறிவிடுகிறோம். நமது கிராமங்களில் பெரும்பாலும் ஓடுகின்ற, முலாம் பூசிய எஃகு ரிம்முக்கு எந்த வட்டும் ஏற்றதன்று. அலுமினிய ரிம்முக்கு அது ஒரு குறிப்பிட்ட விளையாட்டில் கையாளப்படும் முறையாகும். அன்றாடப் பிரயாணத்துக்கு உரியதன்று. இதற்கான காரணங்களையும், பிரேக் பிடிக்காவிட்டால் வேறு என்ன செய்ய வேண்டும் என்பதையும் கீழே விளக்குகிறோம்.

அம்மி கொத்துவதும் ரிம்மை உராய்வதும்

வழவழத்துப்போன அம்மியில் மிளகாய் அரைபடாது, வழுக்கிக்கொண்டு போகும். அம்மி கொத்துபவரை அழைத்து உளியால் புள்ளி புள்ளியாகக் கொத்திய பிறகு அதே அம்மியில் பொருள் நன்றாகப் பிடித்து அரைபடுவதை நாம் யாவரும் அறிவோம். ரிம்மை உராய்வதற்கும் அடிப்படை இதுவேயாகும். பிரேக் கட்டை ரப்பரால் ஆனது. அழுத்தும்போது, ரிம்மின் மேல் உள்ள நுண்ணிய மேடுபள்ளங்களில் ரப்பர் பதிந்து பற்றிக்கொள்கிறது. மேடுபள்ளம் கூடினால் பற்றும் கூடுகிறது. மழை நீர் வெளியேறவும் அக்கோடுகள் வழி விடுகின்றன. ஆகவே, இந்த யோசனை ஆதாரமற்றது என்று நாம் தள்ளிவிட முடியாது.

ஆனால் அம்மிக்கும் ரிம்முக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அம்மி சாண் கனமுள்ள கல்; நூறு முறை கொத்தினாலும் தாங்கும். ரிம்மின் சுவரோ ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர் வரை கனமுள்ள தகடு. அந்தத் தகடுதான் டயரின் காற்றழுத்தத்தையும், ஏறியிருப்பவரின் பாரத்தையும், பிரேக் கட்டையின் நெருக்குதலையும் ஒருங்கே தாங்கி நிற்கிறது. அதில் சுரண்டி எடுத்தது மீண்டும் வளராது.

ஈரமான எஃகு ரிம் ஏன் வழுக்குகிறது?

நமது சாதாரண சைக்கிள்களின் ரிம் எஃகினால் செய்யப்பட்டு, துருப் பிடிக்காமலிருக்க நிக்கலும் குரோமியமும் முலாமாகப் பூசப்பெற்றது. பார்ப்பதற்குக் கண்ணாடி போன்றது. உலர்ந்திருக்கும் வரை அதில் ரப்பர் நன்றாகவே பிடிக்கிறது. நனைந்துவிட்டால் நிலைமை தலைகீழாக மாறிவிடுகிறது. ரப்பருக்கும் முலாமுக்கும் இடையே மெல்லிய நீர்ப்படலம் தங்கி, எண்ணெய் தடவினாற்போல் வழுக்கச் செய்கிறது.

அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1971ஆம் ஆண்டில் இதனை ஆராய்ந்தனர். குரோமிய முலாம் பூசிய எஃகு ரிம்மில், சாதாரண பிரேக் கட்டையின் பிடிப்பு, நனைந்த நிலையில் உலர்ந்த நிலையின் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது கண்டறியப்பட்டது. பிரேக்கை முழுதும் அழுத்திப் பிடித்திருந்தும், சராசரியாக 30 சுற்றுக்கள் சுழன்ற பிறகே பிடிப்பு ஏறத் தொடங்கியது. பழைய பிடிப்பு முழுதும் திரும்ப மேலும் 20 சுற்றுக்கள் ஆயின.

இந்தக் கணக்கை நமது சாலையில் வைத்துப் பார்க்கலாம். பெரிய சைக்கிளின் சக்கரம் ஒரு முறை சுற்றினால் ஏறத்தாழ 2.2 மீட்டர் தூரம் போகும். 30 சுற்று என்றால் சுமார் 65 மீட்டர். அதாவது இருநூறு அடிக்கு மேல். ஏரிக்கரை இறக்கத்தின் பாதித் தூரத்தில் பிரேக்கை அழுத்தும் பிள்ளைக்கு, பிரேக் பிடிக்கத் தொடங்குமுன்னரே நெடுஞ்சாலை வந்துவிடும். 'பிரேக் போட்டேன், நிற்கவில்லை' என்று மழைக்காலத்தில் பிள்ளைகள் கூறுவது சாக்கு அன்று என்பது இதனால் விளங்கும்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது?

ரிம்மைச் சாணைவட்டால் உராயும் வழக்கம் 'டிரயல்ஸ்' எனப்படும் சைக்கிள் விளையாட்டைச் சேர்ந்தது. 1970களில் ஸ்பெயின் நாட்டின் கத்தலோனியப் பகுதியில் இவ்விளையாட்டு உருவாயிற்று; 1986 முதல் இதற்கு உலகப் போட்டிகளும் நடைபெற்று வருகின்றன. பாறைகள், மரத்துண்டுகள், சுவர்கள் முதலியவற்றின் மேல் காலைத் தரையில் ஊன்றாமல் சைக்கிளுடன் தாவித் தாவிச் செல்வதே இதன் திறமை. ஒரு பாறையின் விளிம்பில் பின்சக்கரம் மட்டும் ஊன்றி நிற்கும்போது அச்சக்கரம் ஓர் அங்குலமும் நழுவக் கூடாது. அதனால் அவர்கள் பிரேக்கைப் பூட்டுப் போட்டது போல் பிடிக்கச் செய்ய விரும்புகிறார்கள்.

அவர்கள் கையாளும் பொருள்கள் வேறு. ரிம் அகலமான அலுமினியம், முலாம் கிடையாது. பிரேக் பலவும் எண்ணெய் அழுத்தத்தால் இயங்குபவை. கட்டை பெரும்பாலும் கடினமான பாலியூரித்தேன் என்னும் பொருளாலானது. சொரசொரப்பான ரிம் நமது கறுப்பு ரப்பர் கட்டையை அரம் போல் அராவித் தின்றுவிடும். அவர்களுடைய வேகமோ நடக்கும் வேகத்துக்கும் குறைவு. உராய்ந்த கோடுகள் நாளடைவில் தேய்ந்து மழுங்கிவிடுவதால் மீண்டும் மீண்டும் சாணை போடுகிறார்கள். சுவர் மெலிந்ததும் ரிம்மை எறிந்துவிட்டுப் புதியது போடுகிறார்கள். சாணை போட விரும்பாத சிலர் ரிம்மில் தாரைச் சிறிது தேய்த்துக்கொள்வதும் உண்டு. இவை அந்த விளையாட்டுக்குரிய செலவுகள். பள்ளிக்கும் சந்தைக்கும் போகும் சைக்கிளுக்கு இச்செலவைச் செய்ய வேண்டுவதில்லை.

வட்டின் மேல் எழுதியிருப்பது என்ன?

இனி, கேட்கப்பட்ட கேள்விக்கே வருவோம். சாணைவட்டுக்கள் எல்லாம் ஒன்று போலத் தோன்றினாலும் ஒன்றல்ல. இவ்விவரம் ரிம்முக்கு மட்டுமன்றி, குழாய், கதவு, நீர்த்தொட்டி ஏணி முதலியவற்றின் பழுது வேலையை மேற்பார்வையிடும் ஊராட்சி உறுப்பினர்களுக்கும் பயன்படும் என்பதால் சற்று விரிவாகவே தருகிறோம்.

பட்டறைகளில் 'கட்டிங் வீல்' என்று வழங்கும் வட்டு ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் கனமுள்ளது. இது விளிம்பால் அறுப்பதற்கு மட்டுமே ஏற்பட்டது. இதன் பக்கவாட்டை எதன் மேலும் வைத்து அழுத்தலாகாது. அழுத்தினால் உடைந்து சிதறும். 'கிரைண்டிங் வீல்' எனப்படுவது ஏறத்தாழ ஆறு மில்லிமீட்டர் கனமுடையது; பரப்பைத் தேய்ப்பதற்கு உரியது. மூன்றாவது, உப்புத்தாள் இதழ்களை விசிறி போல் அடுக்கி ஒட்டிய 'ஃப்ளாப் டிஸ்க்'. இது பரப்பை மழமழப்பாக்கி முடிப்பதற்கு உரியது. எனவே, சொரசொரப்பு வேண்டுபவர் முதல் வகையை வாங்கினால் ஆபத்து. மூன்றாம் வகையை வாங்கினால், சிறப்பாக 80, 120 என்ற நுண்ணிய எண்களில் வாங்கினால், நாடியதற்கு நேர்மாறான பலனே கிட்டும்.

வட்டின் மேல் 'ஏ 24 ஆர் பி.எஃப்' என்பது போன்ற குறியை ஆங்கில எழுத்துக்களில் அச்சிட்டிருப்பார்கள். முதலெழுத்து உராயும் பொருளைக் குறிக்கும். 'ஏ' என்றால் அலுமினியம் ஆக்ஸைடு, எஃகுக்கு ஏற்றது. 'சி' என்றால் சிலிக்கான் கார்பைடு. கல், கான்கிரீட் முதலியவற்றுக்கு ஏற்றது. அடுத்த எண் மணியின் பருமனைக் குறிக்கும். எண் சிறியதானால் மணி பெரியது. 24, 30, 36 என்பவை கரடானவை. 46, 60 நடுத்தரம். அதற்கடுத்த எழுத்து வட்டின் கெட்டித்தன்மை. 'ஏ' முதல் 'இஸட்' வரை போகப் போகக் கெட்டி கூடும். 'பி.எஃப்' என்பது, பிசினால் பிணைத்து நார்வலை வைத்து வலுவூட்டப்பட்டது என்பதற்கு அடையாளம்.

டிரயல்ஸ் விளையாட்டுக்காரர்கள் நாடுவது 24 முதல் 36 வரையிலான கரடு மணியுள்ள தேய்ப்பு வட்டாகும். அதை அழுத்தாமல், பட்டும் படாமலும், ரிம்மின் சுற்றுக்குக் குறுக்காகக் கோடு விழும்படி, சக்கரத்தைச் சிறிது சிறிதாகத் திருப்பிக்கொண்டே தொடுகிறார்கள். ஓரிடத்தில் ஆழமாகவும் ஓரிடத்தில் மேலாகவும் உராய்ந்தால், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுற்றுக்கொரு முறை உதறும். மேலும், அலுமினியம் மிருதுவான உலோகம். எஃகுக்கென்று செய்த சாதாரண வட்டில் அது அப்பிக்கொண்டு மணிகளை மூடிவிடும். அப்படி மூடிய வட்டு தேய்ப்பதை விட்டுச் சூடேற்றத் தொடங்கும். அலுமினியத்துக்கு ஏற்றது என்று வட்டிலேயே குறித்திருப்பதைத்தான் அவ்வுலோகத்துக்கு உபயோகிக்க வேண்டும்.

நமது ரிம்மில் ஏன் கூடாது?

முதற்காரணம், முலாம். ரிம்மின் மேல் உள்ள முலாம் ஒரு தலைமயிரின் பருமன்கூட இல்லாதது. சாணைவட்டு தொட்ட கணத்திலேயே அது போய்விடும். அடியிலுள்ள எஃகு வெளிப்பட்டு, ஒரே மழையில் துருவேறும். துரு முதலில் சொரசொரப்பாக இருப்பதால் பிரேக் நன்றாகப் பிடிப்பது போலத் தோன்றும். உண்மையில் அது பிரேக் கட்டையை அரிப்பதோடு, முலாமின் ஓரங்களில் நுழைந்து பக்கத்து முலாமையும் உரிக்கும். ஆரக்கம்பிகள் மாட்டியிருக்கும் துளைகள் வரை துரு சென்றுவிட்டால் சக்கரமே நம்பத்தக்கதன்று.

இரண்டாவது காரணம், சுவரின் மெலிவு. காற்றடைத்த டயர் ரிம்மின் இரு சுவர்களையும் எப்போதும் வெளிப்புறமாகத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. சுவர் மெலிந்த இடத்தில் ஒரு நாள் ரிம் பிளந்து விரியும். பிரேக் போடும்போதோ பாரம் ஏற்றியிருக்கும்போதோதான் பெரும்பாலும் இது நேரும். முன்சக்கரத்தில் நேர்ந்தால் ஓட்டுபவர் தலைகுப்புற விழ நேரிடும்.

மூன்றாவது காரணம் பலரும் கவனிக்காதது. பழைய பெரிய சைக்கிள்களில் உள்ள கம்பி பிரேக்கின் கட்டைகள் ரிம்மின் பக்கச் சுவரை அழுத்துவதே இல்லை. அவை, ஆரக்கம்பிகள் புறப்படும் உட்புறப் பரப்பை, அதாவது அச்சைப் பார்த்திருக்கும் பக்கத்தை அழுத்துகின்றன. ஆகவே, படத்தில் கண்டபடி பக்கச் சுவரை உராய்ந்தால் இந்தச் சைக்கிளுக்கு இம்மியும் பலன் இராது. உட்புறத்தை உராயப் போனாலோ வட்டு ஆரக்கம்பியையும் அதன் திருகையும் வெட்டிவிடும்.

அலுமினிய ரிம் உள்ள புதுவகைச் சைக்கிள்களும் இப்போது கிராமங்களுக்கு வந்துள்ளன. அவற்றில் முலாம் இல்லை. ஈரத்திலும் பிடிப்பு எஃகு ரிம்மைவிட மிக மேலானது. ஆதலால், சாணை போட வேண்டிய தேவையே அங்கு எழுவதில்லை. அவ்வகை ரிம் பலவற்றின் சுவரில் சுற்றிலும் ஒரு மெல்லிய பள்ளக்கோடோ, சிறு குழியோ இருக்கும். அது தேய்மானத்தின் அடையாளம். அக்கோடு மறைந்துவிட்டால் ரிம்மை மாற்றும் காலம் வந்துவிட்டது என்று பொருள். சாணைவட்டு இந்த அடையாளத்தையும் அழித்துவிடும்.

முதலில் செய்ய வேண்டியவை

பிரேக் பிடிக்கவில்லை என்றவுடன் ரிம்மைக் குற்றம் சொல்லுகிறோம். குறை பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கிறது. கீழ்க்காணும் வரிசையில் பார்த்து வந்தால் அது அகப்பட்டுவிடும். இதற்கு வேண்டியவை ஒரு திருகுச் சாவி, சிறிது சோப்பு, ஒரு துண்டு உப்புத்தாள், அரை மணி நேரம், அவ்வளவே.

ஒன்று, எண்ணெய். துருப் பிடிக்காமலிருக்கட்டும் என்று ரிம்மைத் தேங்காய் எண்ணெயாலோ மண்ணெண்ணெயாலோ துடைக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. இதனை உடனே நிறுத்த வேண்டும். சங்கிலிக்கு விடும் எண்ணெயும் ரிம்மில் தெறிக்கலாகாது. சோப்பு நீரால் ரிம்மைக் கழுவி, நல்ல தண்ணீர் விட்டு அலசி, உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். களிமண் வயலுக்குப் போய் வரும் சைக்கிளுக்கு இதனை வாரம் ஒரு முறையாவது செய்தல் நலம்.

இரண்டு, பிரேக் கட்டை. வெயிலில் நிற்கும் சைக்கிளின் ரப்பர் இறுகி, மேற்பரப்பு மினுமினுப்பாகிவிடும். நகத்தால் அழுத்தினால் பதியாத ரப்பர் பயனற்றது, மாற்றிவிட வேண்டும். மேற்பரப்பு மட்டுமே மினுமினுத்திருந்தால் உப்புத்தாளின் மேலோ கரடான சிமெண்டுத் தரையிலோ நான்கு முறை தேய்த்தால் போதும். சொரசொரப்பாக்க வேண்டியது இந்தக் கட்டையைத்தான், ரிம்மை அன்று. கட்டையில் மணலோ உலோகத் துணுக்கோ பதிந்திருந்தால் ஊசியால் நெம்பி எடுத்துவிட வேண்டும். விலை குறைந்த கட்டைகளில் ரப்பர் கெட்டியாக, பிளாஸ்டிக் போலவே இருக்கும். வாங்கும்போது நகத்தால் அழுத்திப் பார்த்து வாங்குக.

மூன்று, கட்டையைப் பொருத்திய முறை. சில கட்டைகளில் ரப்பரைத் தாங்கும் தகட்டுக் கூட்டின் ஒரு முனை மூடியும் ஒரு முனை திறந்தும் இருக்கும். சக்கரம் சுழலும் திசையில் மூடிய முனை இருக்கும்படி மாட்ட வேண்டும். மாறி மாட்டினால், பலமாகப் பிரேக் போட்ட அந்த நேரத்திலேயே ரப்பர் கூட்டிலிருந்து நழுவி வெளியே போய்விடும். கட்டை முழுவதும் ரிம்மில் படிய வேண்டும். டயரில் உரசவும் கூடாது, ரிம்முக்கு வெளியே தொங்கவும் கூடாது.

நான்கு, இடைவெளியும் இழுப்பும். கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே இரண்டு அல்லது மூன்று மில்லிமீட்டர் இடைவெளி போதும். கைப்பிடியை முழுதும் அழுத்தும்போது பிரேக் பிடிகம்பி ஹேண்டில் பாரைத் தொட்டுவிட்டால், கேபிள் தளர்ந்திருக்கிறது என்று அறியலாம். குறைந்தது இரண்டு விரல் நுழையும் இடமாவது மிஞ்ச வேண்டும். கேபிளின் உறைக்குள் துரு ஏறி இறுகியிருந்தால் எவ்வளவு அழுத்தினாலும் விசை கட்டைக்குப் போய்ச் சேராது. கம்பி பிரேக்கில் மூட்டுக்களும் திருகுகளும் தேய்ந்து ஆடுகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

ஐந்து, ரிம்மின் கோட்டம். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டுப் பார்த்தால், ரிம் இரு பக்கமும் ஆடுகிறதா என்று தெரியும். ஆடும் ரிம்முக்காகக் கட்டையைத் தள்ளி வைத்துக்கொண்டே போனால் கடைசியில் பிரேக்கே இல்லாமல் போகும். ஆரக்கம்பிகளை இறுக்கித் தளர்த்திக் கோட்டம் எடுத்துவிட்டால் பாதிக் குறை தீர்ந்துவிடும்.

இவ்வளவும் செய்த பிறகும் மழையில் எஃகு ரிம் ஓரளவு வழுக்கத்தான் செய்யும். அது அந்தப் பொருளின் இயல்பு. ரிம் துருவேறி மாற்ற வேண்டிய காலம் வரும்போது, அதே அளவில் அலுமினிய ரிம் கிடைக்குமானால் அதையே போட்டுக்கொள்வது நல்லது. மழை மிகுந்த நெதர்லாந்து நாட்டில், மிதியைப் பின்னோக்கி அழுத்தினால் சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே பிடிக்கும் பிரேக்குள்ள சைக்கிள்கள் ஏராளமாக ஓடுகின்றன. ரிம் நனைந்தாலும் அவற்றுக்குக் கவலை இல்லை.

ஓட்டுபவர் அறிய வேண்டியவை

நனைந்த ரிம்மை உலர்த்தும் வழியும் பிரேக்கிடமே உள்ளது. இறக்கம் வருவதற்கு நெடுந்தூரம் முன்பிருந்தே பிரேக்கை மென்மையாகத் தொட்டுக்கொண்டு வந்தால், கட்டை ரிம்மிலுள்ள நீரை வழித்துவிடும். வேண்டும்போது பிடிப்பும் கிடைக்கும். முன்பிரேக், பின்பிரேக் இரண்டையும் சேர்த்தே பிடிக்க வேண்டும். வேகம் இரு மடங்கானால் நிற்க வேண்டிய தூரம் நான்கு மடங்காகும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மீட்டரில் நிற்கக்கூடிய சைக்கிள், 20 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு மீட்டர் எடுத்துக்கொள்ளும்.

பாரமும் அவ்வாறே. 60 கிலோ எடையுள்ள ஒருவர், 20 கிலோ எடையுள்ள சைக்கிளில், 40 லிட்டர் பால் கேன் இரண்டைக் கட்டிக்கொண்டு புறப்பட்டால், கேன்களின் எடையைச் சேர்க்காமலே மொத்தப் பாரம் இரட்டித்துவிடுகிறது. பிரேக்கின் விசையோ இரட்டிப்பதில்லை. மழை நாளில் பாரத்துடன் இறக்கம் வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

பட்டறையில் எச்சரிக்கை

ரிம்முக்கு வேண்டாம் என்றாலும், வேறு வேலைகளுக்கு இந்த இயந்திரம் கிராமந்தோறும் வந்துவிட்டது. 100 மில்லிமீட்டர் வட்டு நிமிஷத்துக்கு 11,000 சுற்று சுழலும்போது அதன் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் செல்கிறது. உடைந்த வட்டின் துண்டும் அதே வேகத்தில்தான் பறக்கும். ஆதலால், காப்புத் தகட்டைக் கழற்றிவிட்டு வேலை செய்யலாகாது; கண்ணாடி அணியாமல் இயந்திரத்தை முடுக்கலாகாது.

வட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச வேகம், இயந்திரத்தின் வேகத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். நடுத் துளையைச் சுற்றியுள்ள உலோக வளையத்தில் காலாவதி மாதமும் ஆண்டும் பொறித்திருப்பார்கள். பிசினால் பிணைத்த வட்டுக்கள் நாட்பட்டால் வலுவிழக்கும் என்பதால் இது அவசியம் பார்க்கத்தக்கது. ஈரத்தில் கிடந்த வட்டையும், கீழே விழுந்து கீறிய வட்டையும் எறிந்துவிடுக. புதிய வட்டை மாட்டியதும் எவரும் எதிரில் நில்லாதபடி ஒரு நிமிஷம் வெறுமனே சுழல விட வேண்டும். தோளில் துண்டு, தொங்கும் வேட்டி நுனி, துப்பட்டா ஆகியவற்றுடன் இந்த இயந்திரத்தின் அருகே போகக் கூடாது. மரம் அறுக்கும் பல்வட்டை இதில் மாட்டுவது கையை இழப்பதற்கு வழியாகும்.

ஊராட்சி செய்யக்கூடியது

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது, கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டதை நாடறியும். எழுத்தறிவோடு சைக்கிளும் சேர்ந்து அவர்களுடைய கால்களுக்குச் சுதந்திரத்தை அளித்தது. ஓட்டக் கற்றுக்கொண்ட சமுதாயம், நிறுத்தும் கருவியைப் பேணவும் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஆண்டுதோறும் அக்டோபர் 2ஆம் நாள் கிராம சபை கூடுகிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதும் அம்மாதத்திலேதான். அந்தக் கூட்டத்தில் இதனை ஒரு பொருளாக எடுத்துக்கொண்டு, மழைக்கு முன் ஒரு நாளைக் குறித்து, பள்ளி வளாகத்தில் பிள்ளைகளின் சைக்கிள்களையெல்லாம் நிறுத்தி, உள்ளூர் சைக்கிள் கடைக்காரரைக் கொண்டு மேற்கூறிய ஐந்தையும் பார்த்துவிடலாம். தலைமையாசிரியரும், பெற்றோரும், சுய உதவிக் குழுவினரும் ஒத்துழைத்தால் ஒரு பிற்பகலில் முடியக்கூடிய வேலை இது. மாணவரே தம் சைக்கிளின் பிரேக் கட்டையைக் கழற்றித் தேய்த்து மாட்டும்படி சொல்லிக் கொடுத்தால், அடுத்த ஆண்டு எவரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. இறக்கத்தின் அடியில் நெடுஞ்சாலை குறுக்கிடும் இடங்களில், 'மெதுவாகச் செல்க' என்ற பலகையையும், வேகத்தைக் குறைக்கும் ஏற்பாட்டையும் நெடுஞ்சாலைத் துறையினரிடம் தீர்மானம் மூலம் கேட்டுப் பெறலாம்.

சாணைவட்டுக்குச் செலவிட நினைக்கும் பணத்தை நல்ல ரப்பர் கட்டைக்குச் செலவிடுமாறு சைக்கிள் கடைக்காரர்களுக்கு எடுத்துரைக்குமாறு ஊராட்சி உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். ரிம் உள்ளபடியே இருக்கட்டும். அதைச் சுத்தமாக வைத்துக்கொண்டு, கட்டையைப் புதுப்பித்து, கேபிளை இழுத்துக் கட்டி, மழையில் முன்கூட்டியே பிரேக்கைத் தொட்டு வந்தால், நமது பிள்ளைகள் பத்திரமாக வீடு திரும்புவார்கள்.